சாவிக்கு முன் ஒரு மூச்சு

என் கணவர் வாடகைக் கார் ஓட்டினார். காலையில் குளித்து, திருநீறு பூசி, வெள்ளைச் சட்டையின் கடைசிப் பொத்தானையும் போட்டு முடித்த பிறகு, வாசலருகே வந்து என் முன்னால் சற்றுக் குனிந்து நிற்பார். நான் எட்டி, முகத்தை அவர் வாயருகே கொண்டுபோவேன். அவர் ஊதுவார். வாடை இல்லையென்றால் "போங்க" என்று சொல்லி, இடுப்பில் செருகியிருக்கும் கார் சாவியை எடுத்துக் கொடுப்பேன். வாடை இருந்தால் சாவி இடுப்பிலேயே இருக்கும், அன்று வண்டி நகராது. பதின்மூன்று வருடங்கள் இது நடந்தது. தெருவில் போகிறவர்கள் பார்த்துவிட்டு, கல்யாணமாகி இத்தனை வருடமாகியும் இதுகளுக்குக் கொஞ்சல் போகவில்லையே என்று நினைத்திருக்கலாம். கொஞ்சலாவது ஒன்றாவது. அது சோதனை.

எங்கள் ஊர் தனி மாவட்டமாகப் பிரிந்த வருடம் இது ஆரம்பித்தது. நான் அப்போது தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு தட்டச்சுப் பயிலகத்தில் வேலை பார்த்தேன். கார் ஸ்டாண்டு ஓட்டுநர்கள் தங்கள் சங்கத்துக்காக ஒரு நோட்டீஸ் அடித்துத் தரச் சொன்னார்கள். வண்டிச் சட்டம் புதிதாக வந்திருக்கிறது, அதில் ஓட்டுநர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சுருக்கமாகப் போட வேண்டும் என்று ஒரு வக்கீல் குமாஸ்தா எழுதிக் கொடுத்திருந்தார். ஸ்டென்சில் வெட்டிக்கொண்டே வந்தவள் ஒரு வரியில் நின்றுவிட்டேன். வண்டியை அடக்கி ஓட்ட முடியாத அளவுக்குக் குடித்திருந்தால்தான் பழைய சட்டத்தில் குற்றம். புதிய சட்டத்தில் ரத்தத்தில் எவ்வளவு குறைவாகச் சாராயம் இருந்தாலும் குற்றம்.

அதற்கு முன்பெல்லாம் என் கணவர் குடிப்பதைப் பற்றி எனக்கு வருத்தம் இருந்தது, பயம் இருந்ததில்லை. அவர் தள்ளாடிப் பார்த்ததே இல்லை. வாரத்துக்கு ஒரு நாள், இரண்டு நாள், வேலை முடிந்த பிறகு குடிப்பார். அமைதியாக வந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். குடித்தும் ஒழுங்காக நடக்கிறாரே என்று அசட்டுத்தனமாகப் பெருமைகூடப் பட்டிருக்கிறேன். அந்த ஒரு வரி என் பெருமையைப் பிடுங்கிப் போட்டது. நோட்டீஸை அடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, இனிமேல் காலையில் சாவி என்னிடம்தான் இருக்கும் என்று சொன்னேன். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று அவருக்குத் தெரியும். வாதாடவில்லை. மறுநாள் காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, கோயிலில் குருக்கள் முன்னால் நிற்பதுபோல் குனிந்து நின்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

சாவி கிடைக்காத காலைகளும் இருந்தன. ராத்திரி குடித்ததுதானே, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று அவர் நம்பினார். ஸ்டாண்டில் எல்லோருமே அப்படித்தான் நம்பினார்கள். என் மூக்கு நம்பவில்லை. பல் துலக்கி, குளித்து, காபி குடித்த பிறகும், அடியில் புளித்த திராட்சை மாதிரி ஒரு வாடை நின்றுகொண்டிருக்கும். அந்த நாட்களில் தெருமுனைக் கடைக்குப் போய், வண்டி கேட்டிருந்தவர்களுக்கு நான்தான் போன் செய்து சொல்வேன். டயர் பஞ்சர் என்பேன், வயிற்றுப்போக்கு என்பேன். எங்கள் கார் அளவுக்குப் பஞ்சரான கார் இந்த மாவட்டத்திலேயே இருந்திருக்காது.

ஸ்டாண்டில் அவரைக் கிண்டல் செய்யாத நாளில்லை. வீட்டிலேயே போலீஸ் ஸ்டேஷன் வைத்திருக்கிறார் என்றார்கள். அவர் அதையும் சிரித்துக்கொண்டே வந்து என்னிடம் சொல்வார். ஐந்து வருடம் கழித்துச் சட்டத்தைத் திருத்தினார்கள். கருவியில் ஊதச் சொல்லிப் பார்க்கும்போது, நூறு மில்லி ரத்தத்தில் முப்பது மில்லிகிராமுக்கு மேல் இருந்தால்தான் குற்றம் என்று ஆயிற்று. அந்த நோட்டீஸையும் நான்தான் அடித்தேன். ஓட்டுநர்கள் காதில் முப்பது என்பது மட்டும்தான் விழுந்தது. முப்பது மில்லி என்றால் ஒரு சின்ன பெக், அதுவரைக்கும் சர்க்காரே விட்டுவிட்டது என்று குஷியாகிவிட்டார்கள். கண்ணாடி டம்ளரில் இருப்பது வேறு, ரத்தத்தில் இருப்பது வேறு, அந்த முப்பதை எட்ட ரொம்பக் கம்மியாகக் குடித்தாலே போதும் என்று ஸ்டாண்டுக்கே போய்ச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். ஒருவரும் நம்பவில்லை என்பது டீயின் மரியாதையிலேயே தெரிந்தது. அந்தக் கருவியை ஊரில் யாரும் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. என் வீட்டில் மட்டும் கருவிக்குக் குறைவில்லை.

இரண்டாயிரமாவது வருடத்து மழைக்காலத்தில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாள் படுத்துக் கிடந்தேன். எழுந்த பிறகு ஒரு நாள் ரசத்துக்குத் தாளித்தேன். கடுகு வெடித்தது, கறிவேப்பிலை சடசடத்தது, பெருங்காயத்தைக் கிள்ளிப் போட்டேன். சத்தம் மட்டும் வந்தது. சளி இன்னும் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மாதமாகியும் எதுவும் திரும்பவில்லை. மூக்கு டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்றார். அதை நானே சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு இந்த ஊர் எனக்கு வேறு ஊராயிற்று. சத்தத்தை அடைத்துவிட்டு டிவி பார்க்கிறது போல இருந்தது. பெரிய தெருவில் மல்லிகைக் கூடைகள் வெள்ளையாகத் தெரியும், அவ்வளவுதான். சந்நிதியில் கற்பூரம் எரியும்போது ஒரு சின்னச் சுடர் ஆடுவதைப் பார்ப்பேன். பக்கத்தில் நிற்கிறவர்கள் கண்ணை மூடி மூச்சை இழுக்கும்போது நானும் இழுப்பேன். பஸ் நிலையத்தின் நாற்றம் போனதில் சந்தோஷம் என்று முதலில் நினைத்தேன். பிறகு அதற்கும் ஏங்கினேன். மழை வருவதற்கு முன்னால் ஊரை ஒட்டிய மலை கருத்து, பக்கத்தில் வந்து நிற்பது போல் இருக்கும். அது வந்து நிற்கும். ஆனால் மண் ஒன்றும் சொல்லாது. பகலில் நடக்கும்போதே தூக்கத்தில் நடக்கிற மாதிரி இருந்தது. நிஜமான தூக்கத்தில்தான் எனக்கு வாசனைகள் வந்தன. கனவில் காபிப்பொடி அரைக்கும் கடைமுன் நின்றுகொண்டிருப்பேன், விழித்ததும் போய்விடும். விடியற்காலை அரைத் தூக்கத்தில் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்த்து, பிடிக்க முடியாமல் அழுதிருக்கிறேன்.

இவ்வளவையும் என் கணவரிடம் சொல்லவில்லை. சளி சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன். காரணம் ஒன்றுதான். என் மூக்கு போய்விட்டது என்று தெரிந்தால், அவருக்குக் காவல் இல்லை. அவரை நான் நம்பவில்லை என்று இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான். என் மூக்கை நம்பிய அளவு அவரை நம்பவில்லை. அதனால் தினமும் முகத்தை நீட்டினேன். அவர் ஊதினார். கன்னத்தில் வெதுவெதுப்பாகக் கொஞ்சம் காற்று பட்டது. "போங்க" என்று சொன்னேன்.

சும்மா சொல்லிவிடவில்லை. கண்ணைப் பார்ப்பேன், குரலைக் கேட்பேன், செருப்பை எந்த வேகத்தில் மாட்டுகிறார் என்று கவனிப்பேன். ஒன்றிரண்டு தடவை, சந்தேகம் தட்டியபோது, வாடை வருது என்று பொய்யாகச் சொல்லிச் சாவியைத் தராமல் இருந்திருக்கிறேன். அவர் ஏதும் கேட்கவில்லை, லுங்கிக்கு மாறிக்கொண்டார். அதனால் என் யூகம் சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். மூக்கில்லாமலே முகர்ந்துவிடும் கெட்டிக்காரி என்று எனக்கு நானே தட்டிக் கொடுத்துக்கொண்டேன். இப்படி இரண்டு வருடம் போயிற்று.

அந்தக் காலை ஒரு பௌர்ணமி. முந்தைய நாள் வேங்கிக்காலில் என் கொழுந்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம். நான் சாயங்காலமே திரும்பிவிட்டேன். இவர் தம்பியோடு இருந்துவிட்டு, நான் தூங்கிய பிறகு வந்திருக்கிறார். காலையில் எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி ஒரு பெண்ணை வேலூருக்குப் பரிசோதனைக்கு அழைத்துப்போக வேண்டும். எட்டாம் மாதம். கிரிவலக் கூட்டம் பெருகிச் சாலையை அடைப்பதற்குள் ஊரைத் தாண்டிவிடலாம் என்று ஏழு மணிக்கே கிளம்புவதாகப் பேச்சு.

அவர் வந்து குனிந்தார். ஊதினார். கண் சிவந்திருந்தது. தூக்கம் போதாததாலும் சிவக்கும். நேற்று குடித்தீங்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் மூக்கிருக்கிறவள் எதற்கு வாயால் கேட்க வேண்டும்? கேட்டால் எல்லாம் தெரிந்துபோகும். இரண்டு வருடமாகச் சும்மா முகத்தை நீட்டிக்கொண்டிருந்தது அம்பலமாகும். வெளியே அந்தப் பெண் வயிற்றைத் தாங்கியபடி அவள் அம்மாவோடு காரருகே வந்து நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னா?" என்று கேட்டார் அவர்.

"போங்க," என்றேன்.

காரின் பின்பக்கம் தெருமுனையில் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். வெயில் இன்னும் மஞ்சளாகத்தான் இருந்தது. மலை உச்சியில் துணி காயப்போட்ட மாதிரி ஒரு மேகம் கிடந்தது. ஒன்றும் ஆகாது என்று பலமுறை சொல்லிக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு ஸ்டாண்டு ஓட்டுநர் ஒருவர் சைக்கிளில் வந்தார். எங்கள் ஊருக்கு ஊதும் மிஷின் வந்துவிட்டது. பௌர்ணமி பந்தோபஸ்துக்காகப் போட்ட சோதனைச் சாவடியில் அன்றுதான் அதை முதன்முதலாக வெளியே எடுத்திருக்கிறார்கள். வருகிற ஓட்டுநரையெல்லாம் ஊதச் சொன்னார்களாம். இவரைத் தெரிந்த போலீஸ்காரர்தான், கூச்சத்தோடுதான் நீட்டினாராம். இவர் மறுப்புச் சொல்லாமல், பழக்கமான வேலையைச் செய்வதுபோல் குனிந்து ஊதினாராம். அளவுக்கு மேலே காட்டியது. கர்ப்பிணியையும் அவள் அம்மாவையும் வேறு காரில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள், அவர்களுக்கு ஒன்றுமில்லை. வண்டி ஸ்டேஷனில் நிற்கிறது.

அவர்களுக்கு ஒன்றுமில்லை என்ற பிறகுதான் நான் செய்தது எனக்கு உறைத்தது. ஏதாவது ஆகியிருந்தால், சாவியை எடுத்துக் கொடுத்த கை என்னுடையது. சட்டம் அவரை மட்டும்தான் கேட்கும். என்னை யார் கேட்பார்கள்? அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு, அந்தப் பெண் சிரித்ததையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் அவர் நடந்தே வந்தார். தண்ணீர் குடித்தார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீ போன்னு சொன்ன."

குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "எனக்கு வாடையே தெரியாதுங்க. அந்தக் காய்ச்சல் வந்ததுல இருந்தே தெரியாது. ரெண்டு வருஷமா சும்மாதான் மோந்து பாத்துக்கினு இருந்தேன்," என்றேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்," என்றார். "போன வருஷம் ஒரு நாள் சாம்பார் அடிபுடிச்சு தெரு முச்சூடும் வாடை. நீ பக்கத்துலயே உக்காந்து பூ கட்டிக்கினு இருந்த. நான்தான் அடுப்ப அமத்தினேன். அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சும் ஏன் தெனம் ஊதுனீங்க?"

"நீ சொல்லல. உனக்குக் கஷ்டமா இருக்கும்னு நானும் கேக்கல. குடிக்காத நாள்ல ஊதுறதுல இன்னா இருக்குது?" காலி டம்ளரைத் தள்ளி வைத்தார். "ஆனா இன்னிக்கு, உனக்குத் தெரியாதுன்னு தெரிஞ்சேதான் ஊதுனேன்."

அவரை அறைய வேண்டும் போல் இருந்தது. என்னையும் அறைந்துகொள்ள வேண்டும் போல் இருந்தது. ஒருவருக்கொருவர் தெரியாததுபோல் நடித்துக்கொண்டு, ஓர் எட்டு மாத வயிற்றைக் காரில் ஏற்றி அனுப்பியிருக்கிறோம். வாடை வருது என்று நான் பொய் சொன்ன காலைகளில் அவர் நிஜமாகவே குடித்திருந்தாரா என்று கேட்டேன். ஒரு நாள் ஆமாம், ஒரு நாள் இல்லை என்றார். குடிக்காத அன்றைக்கும் ஏன் சும்மா இருந்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

நீதிமன்றத்தில் அபராதம் போட்டார்கள். லைசென்ஸ் ஆறு மாதத்துக்கு இல்லை. மாஜிஸ்திரேட்டிடம் இவர், ராத்திரி குடித்ததுதான் ஐயா, காலையில் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை என்று சொல்லியிருக்கிறார். மிஷினுக்கு ராத்திரி, காலை என்ற கணக்கெல்லாம் கிடையாது. தூங்கி எழுந்தாலும் குளித்தாலும் அது ரத்தத்தில் தன் நேரப்படிதான் கரையும் என்பது ஸ்டாண்டில் அதற்கப்புறம்தான் எல்லோருக்கும் உறைத்தது. முப்பது என்ற பேச்சையும் யாரும் எடுக்கவில்லை. எங்கள் காரை நண்பர் ஒருவர் ஓட்டினார்.

அந்த ஆறு மாதம் சாயங்காலங்களில் நாங்கள் இருவரும் செங்கம் ரோட்டில் நடக்கப் போனோம். வீட்டில் உட்கார்ந்தால் சண்டை வரும் என்றுதான் முதலில் கிளம்பினோம். ஆசிரமத்தைத் தாண்டி மரங்கள் அடர்ந்த பக்கம் போகும்போது ஒரு நாள், அவராகவே, "வேப்பம்பூ வாசன வருது," என்றார். நான் நின்றேன். எப்படி வருகிறது என்று கேட்டேன். நல்லா இருக்குது என்றார். நல்லா இருக்குதுன்னா என்ன அர்த்தம், நன்றாக இருப்பது ஆயிரம் இருக்கிறது என்று எரிந்து விழுந்தேன். பாவம், திணறிப்போனார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, தேனில் கொஞ்சம் கசப்பைக் கலந்தால் எப்படியோ அப்படி என்றார். அது எனக்குக் கிடைத்தது. கண்ணை மூடிக்கொண்டேன், ஒரு நொடி வேப்பம்பூ வந்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து அது எங்கள் விளையாட்டாயிற்று. வெள்ளைக்காரர்கள் போகும் காபிக் கடையைத் தாண்டினால் ரொட்டி வேகிறது என்பார். யாரோ சாம்பிராணி போடுகிறார்கள் என்பார். தூறல் விழுந்த நாளில் மண்ணை எப்படிச் சொல்வது என்று வெகுநேரம் யோசித்துவிட்டு, நனைந்த கோணிப்பை மாதிரி என்றார். சந்தேகமே இல்லை, அதேதான். மலையைச் சுற்றிக்கொண்டு இருட்டு மெதுவாக இறங்கும். அவர் சொல்லச் சொல்ல, நான் பாதி நடந்துகொண்டும் பாதி ஞாபகத்தில் மிதந்துகொண்டும் வருவேன். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இவ்வளவு பேசியதில்லை. அவருக்கு இத்தனை வாசனை தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

லைசென்ஸ் திரும்பி வந்தது. முதல் நாள் காலை நான் பழக்கத்தில் சாவியோடு வாசலுக்குப் போய் நின்றேன். அவர் குனியவில்லை. குடிக்கலை என்று வாயால் சொன்னார், சாவியைக் கொடுத்தேன். மூக்கிருந்த காலத்தில்கூட அந்த அளவுக்கு எனக்குப் பயம் இருந்ததில்லை. வெறும் வார்த்தை. அதை எதை வைத்துச் சோதிப்பது? அவர் திரும்பி வரும்வரை எந்த வேலையும் ஓடாது.

இரண்டு மாதம் போயிருக்கும். செங்கம் ரோடு விடுதி ஒன்றிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு ஒரு சவாரி. காலை எட்டு மணிக்கு வண்டி. நல்ல சவாரி, அந்த விடுதியில் அப்போதுதான் எங்களை மறுபடி கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அவர் குளித்துவிட்டு லுங்கியோடு வந்தார். வெள்ளைச் சட்டை போடவில்லை.

"நேத்து குடிச்சிட்டேன். ரெண்டு ரவுண்டு, சாப்பாட்டுக்கு அப்புறம்," என்றார். "தல நல்லாத்தான் இருக்குது. ஆனா இன்னிக்கு வண்டி எடுக்கல."

எனக்குக் கோபம் வரவேண்டும். குடித்ததற்காக வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் கோபத்துக்கு அடியில் வேறொன்று பொங்கிக்கொண்டு வந்தது. அவர் சொல்லியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்திருக்கவே தெரியாது. கண் சிவக்கவில்லை, குரல் மாறவில்லை. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் சாவியை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம்.

எங்கள் வீட்டுக்கே அப்போது போன் வந்திருந்தது. எடுத்து விடுதி மேனேஜரைக் கூப்பிட்டேன். இன்றைக்கு எங்கள் வண்டி வராது, வேறு வண்டி பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். ஏம்மா, வண்டியில ஏதாவது ரிப்பேரா என்று அவர் கேட்டார். டயர் என்ற சொல் வாய்வரை வந்தது. இவர் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"வண்டி நல்லாதாங்க இருக்குது. அவரு நேத்து குடிச்சிருக்காரு," என்றேன்.

இதோடு அந்த விடுதியும் போயிற்று என்று நினைத்தேன்.

"சரிங்கம்மா," என்றார். "சொன்னது நல்லதாப் போச்சு. நாளைக்கு ஒரு சவாரி இருக்குது, வருவாருல்ல?"

நான் கதவருகே நின்றவரைப் பார்த்தேன்.

"அத நாளைக்குக் காலைல அவரே சொல்லுவாருங்க," என்றேன்.